கிளிஞ்சல் தெரியாத கடற்கரை

நெய்தல் திணை நடத்தும்போதெல்லாம் பீடோர் ஆசிரியருக்கு ஒரு சங்கடம். நம் பிள்ளைகளுக்கு மணல் என்றால் பழைய ஈயக் குட்டை ஓரத்து மணல்தான். கடலை அடிக்கடி பார்க்கும் வாய்ப்பு இல்லை. அதனால் இந்த முறை வகுப்பில் நேரலைக் காமிராவைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சானிபல் தீவுக் கடற்கரை அது. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அங்கும் இங்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். நமக்குக் காலை முதல் பாடவேளை, அவர்களுக்கு அந்தி. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். எற்பாட்டை விளக்க இதைவிட நல்ல கரும்பலகை ஏது?

ஆனால் காட்சியாக மதிப்பிட்டால் குறைகள் உண்டு. சானிபல் கிளிஞ்சலுக்குப் பேர்போன தீவு. கரையோரத் தடுப்புத் தீவுகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும். இதுவோ கிழக்கு மேற்காக வளைந்து, அலை கொண்டுவருவதை அகப்பைபோல் அள்ளிக்கொள்கிறது. குனிந்து குனிந்து பொறுக்குவோரின் கோலத்துக்கே ‘சானிபல் குனிவு’ என்று அங்கே பெயர். காமிராவில் அந்தக் கிளிஞ்சல் ஒன்றும் தெரியாது! தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

“சார், கிளிஞ்சல் எங்கே?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அப்படியும் வருணனைக் கட்டுரையில் பலர், “வண்ண வண்ணக் கிளிஞ்சல்கள் கண்ணைக் கவர்ந்தன” என்றே எழுதினார்கள். காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட மனப்பாட வரிகளுக்கு நானும் பல வருடம் ‘சிறப்பு’ போட்டிருக்கிறேன்.

ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதினாள்: “ஒரு பாட்டி 11 தடவை குனிந்தார். 2 தடவை எடுத்ததைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டார். ஏன் என்று தெரியவில்லை.” இதுதான் வருணனை. அந்தத் தீவில் உயிருள்ள சிப்பி, சங்குகளை எடுக்கத் தடை. பாட்டி அதற்காகத் திருப்பிப் போட்டிருக்கலாம். அழகுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் அவள் ஒரு சட்டத்தையே கண்டுபிடித்துவிட்டாள்.

காமிரா முதற்பொருளைத் தரும், கருப்பொருளைக் கொஞ்சம் தரும், உரிப்பொருளைத் தராது. 2022 செப்டம்பர் 28-ஆம் நாள் இயன் சூறாவளி அந்தக் கரையில் மோதியது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த சாலை பல இடங்களில் அறுந்தது. முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு உள்கரையைக் காப்பதே தடுப்புத் தீவின் வேலை. இன்றைய அமைதியான படத்தில் அந்த இழப்பின் சுவடு தெரியவில்லை. சொன்ன பிறகுதான் வகுப்பு அமைதியானது. நெய்தலின் இரங்கல் அங்கே தொடங்கியது.

என் தீர்ப்பு இது: காமிராவைக் காட்டுங்கள், ஆனால் 10 நிமிடம் போதும். பிறகு திரையை அணைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எதைக் கண்டீர்கள்? எதைக் காணவில்லை? எஸ்.பி.எம். மாணவர்களே, இரண்டாவது கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். கட்டுரை அங்கேதான் உங்களுடையதாகும்.