சொந்தக் குரலில் இரண்டு நிமிடம்

டிஜிட்டல் கதைசொல்லலில் நான் ரசிப்பது அதன் சிக்கனத்தை. 1990களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஜோ லாம்பர்ட், டானா ஆச்லி, நினா முல்லன் ஆகியோர், சொந்த அனுபவத்தைச் சிறு காணொளியாக்கும் இந்தப் பட்டறை முறையை வளர்த்தெடுத்தார்கள். 2001இல் பிபிசியின் 'கேப்ச்சர் வேல்ஸ்' திட்டத்தின் வழியாகப் புகைப்படக் கலைஞர் டேனியல் மெடோஸ் அதை வேல்ஸ் மக்களிடம் கொண்டுசென்றார். சுமார் 250 சொற்கள், ஒரு டஜனை ஒட்டிய படங்கள், இரண்டு நிமிடம், சொல்பவரின் சொந்தக் குரல்: இவ்வளவுதான் இலக்கணம். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் சுகம் புரியும்.

ஒரு செவிலியர் மாணவி தன் முதல் இரவுப் பணியைக் கதையாக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதியில் எல்லாம் இருக்கும்: வார்டு, மருந்து அட்டவணை, கையைப் பிடித்த ஒரு பாட்டி, 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்ற முடிவுரை. பட்டறையில் வட்டமாக உட்கார்ந்து கேட்பவர்களில் ஒருவர், "அந்தப் பாட்டி கையைப் பிடித்தபோது நீ என்ன செய்தாய்?" என்கிறார். அவள் யோசிக்கிறாள். கையை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனது நினைவுக்கு வருகிறது. மற்றதெல்லாம் வெட்டுப்பட்டு, அந்த ஒரு கணம் கதையாகிறது. அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் கல்வி அந்த வெட்டில்தான் நடக்கிறது.

அடுத்தது படத் தேர்வு. 'கையை விடுவித்துக்கொண்டேன்' என்று குரல் சொல்லும்போது கைகளையே காட்டினால் காட்சி தட்டையாகிவிடும். காலியான வார்டு நடைவழியைக் காட்டினால், சொல்லாமல் விட்டதைப் பார்ப்பவர் தாமே நிரப்பிக்கொள்வார். ஒலிப்பதிவில் தயங்கி நின்ற இடத்தைத் துடைத்தெடுக்காமல் விட வேண்டும். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு அந்தத் தயக்கமே சாட்சி.

2003இல் இங்கிலாந்தில் பிப் ஹார்டியும் டோனி சம்னரும் தொடங்கிய 'பேஷண்ட் வாய்சஸ்' இந்த முறையில்தான் நோயாளிகளின், மருத்துவப் பணியாளர்களின் கதைகளை உருவாக்கியது. அவை மருத்துவக் கல்விக்கும் பாடமாயின.

இந்த முறையை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் பளபளப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மாணவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அங்கே தெரியும். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.