ரத்தத்தைப் பார்த்தார்கள், காசைப் பார்க்கவில்லை

மார்ட்டல் காம்பாட் வீடியோ கேம் பற்றிப் பேச வருகிற யாரும் ரத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எதிராளியின் தலையை முதுகெலும்போடு சேர்த்து உருவும் சப்-ஜீரோ, இதயத்தைப் பிடுங்கும் கேனோ. தப்பில்லை, அந்த விளையாட்டு விற்றதே அதை வைத்துத்தான். ஆனால் பழைய பதிப்புகளைத் திரட்டி 2025 அக்டோபர் 30 அன்று டிஜிட்டல் எக்லிப்ஸ் வெளியிட்ட 'லெகஸி கலெக்‌ஷன்' தொகுப்பை, வடசென்னைச் சாத்தாங்காட்டில் ஒரு வீட்டுக் கூடத்து டிவியில் போட்டு ஆடும்போது ரத்தம் அவ்வளவாக உறைக்கவில்லை. தக்காளிச் சாறு மாதிரித் தெறித்துவிட்டு மறைகிறது. உறைப்பது வேறு. ஐந்தாவது ஆறாவது சண்டைக்கு மேல் நம்மை ஜெயிக்க விடக்கூடாது என்று இந்த விளையாட்டு கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இது பிறந்தது சிகாகோவில், மிட்வே நிறுவனத்தில், 1992இல், காசு போட்டு ஆடும் பார்லர் பெட்டியாக. செய்தவர்கள் அடிப்படையில் நான்கே பேர். நிரல் எட் பூன், ஓவியமும் கதையும் ஜான் டோபையஸ், பின்னணிக் காட்சிகள் ஜான் வோகல், ஒலி டான் ஃபோர்டன். ஜான்-கிளாட் வான் டாமை நாயகனாக வைத்து ஒரு விளையாட்டு என்பதுதான் முதல் யோசனை. அது கைகூடவில்லை. அதனால் தற்காப்புக் கலை தெரிந்த நண்பர்களையும் நடிகர்களையும் கேமரா முன்னால் நிறுத்தி, குத்தையும் உதையையும் படம்பிடித்து, அந்தப் படங்களையே திரையில் ஓடவிட்டார்கள். டேனியல் பெசினா என்ற ஒரே ஆள்தான் ஜானி கேஜ், ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ மூவரும்; முகமூடியும் நிறமும் மாறும், அவ்வளவே. நான்கு கை கோரோ மட்டும் மனிதனல்ல, பொம்மை. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துச் சட்டம் சட்டமாகப் படமெடுத்தது. ஆரம்பத்தில் அவனை 'ராட்சச' இனத்தவனாகவே யோசித்திருந்தார்கள் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும் தகவல். முந்தைய ஆண்டு வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் இந்தியாவின் சார்பில் நின்ற தால்சிம்முக்கு இவன் தேவலை. அந்த யோகி கழுத்தில் மண்டையோடு மாட்டிக்கொண்டு, கையைக் காலை ரப்பராக நீட்டி, வாயால் நெருப்புக் கக்கினார். ஜப்பானியர் மனசில் இருந்த இந்தியா அது.

சண்டை விளையாட்டு அதற்கு முன்பும் இருந்தது. 1976இல் சேகாவின் 'ஹெவிவெயிட் சாம்ப்', 1984இல் 'கராத்தே சாம்ப்'. வன்முறை என்ற கூக்குரலும் புதிதல்ல, 1976இல் 'டெத் ரேஸ்' அதைச் சம்பாதித்துவிட்டது. பிறகு எதற்கு மார்ட்டல் காம்பாட்டுக்கு மட்டும் இத்தனை ஆர்ப்பாட்டம்? திரையில் அடிபட்டது கார்ட்டூன் அல்ல, ஆள் என்பதால்.

ஆடிப் பார்த்தால் தெரியும் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பொத்தான்கள். மேல் குத்து, கீழ்க் குத்து, மேல் உதை, கீழ் உதை, தடுப்பு. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆடிப் பழகியவர்கள் பின்னால் நகர்ந்தாலே தடுப்பு விழும் என்று நம்பிப் போய் இங்கே அடி வாங்குவார்கள். உட்கார்ந்து மேல் குத்தை அழுத்தினால் எதிராளி கூரை வரை பறக்கிற அடி ஒன்று இருக்கிறது. பாதி ஆட்டத்தை அதை வைத்தே ஓட்டலாம். மிச்சப் பாதியில்தான் பெட்டி தன் வேலையைக் காட்டும். முதலில் மற்ற ஆறு பேர், பிறகு உங்கள் உருவமே எதிரியாக ஒரு சண்டை, அதன் பிறகு மூன்று சண்டைகளில் இரண்டிரண்டு பேராக வருவார்கள். ஒருவன் விழுந்ததும் அடுத்தவன் குதிப்பான். அவனுக்கு முழு உயிர், உங்களுக்கு மிச்சமிருக்கிற உயிர். மூச்சு வாங்குவதற்குள் கோரோ, கடைசியில் ஷாங் சுங். இரண்டாம் பாகம் இன்னும் மோசம். நீங்கள் பொத்தானைத் தொட்ட கணத்தில் கணினி அதைப் படித்துவிட்டுப் பதிலடியோடு காத்திருக்கும்.

இதைத் திறமையின் சோதனை என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது கல்லாப்பெட்டியின் கணக்கு. பார்லர் பெட்டியில் ஒரு காசுக்கு ஒருவன் அரைமணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நஷ்டம். கஷ்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெட்டிக்குள்ளேயே அமைப்பு உண்டு, அதன் சாவி கடைக்காரர் கையில். ஆடுகிறவன் தோற்க வேண்டும், ஆனால் கொஞ்சத்தில் தோற்றோம் என்று நினைத்து அடுத்த காசுக்குப் பையைத் துழாவ வேண்டும். ரத்தம் அதற்கான விளம்பரம். 'இவனை முடி' என்று குரல் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில், ஸ்கார்ப்பியனுக்குத் தடுப்பைப் பிடித்தபடி மேலே இரண்டு தட்டு என்ற ரகசியம் தெரிந்தவனைச் சுற்றிக் கூட்டம் கூடும். தெரியாதவன் கற்றுக்கொள்ளக் காசு போடுவான்.

கூட்டம் என்றால் வடசென்னைக்குப் புதிதா என்ன? சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரிந்து 'ரோசமான குத்துச்சண்டை' பார்த்த ஊர். பா. ரஞ்சித்தின் 2021 படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். வீடியோ கேம் கடைக்குள்ளும் அதே இரைச்சல்தான், அளவு சிறிது. ஜெயித்தவன் ஸ்டிக்கை விடமாட்டான், தோற்றவன் இறங்க வேண்டும், அடுத்து நிற்பவன் தோளுக்கு மேலாக யோசனை சொல்லிக்கொண்டே இருப்பான். உண்மையைச் சொன்னால், நம்மூர்க் கடைகளில் கொடிகட்டிப் பறந்தது மார்ட்டல் காம்பாட் அல்ல, கேப்காமின் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. அதை யாரும் அந்தப் பெயரில் கேட்டதில்லை, 'முஸ்தபா கேம்' என்றுதான் கேட்டார்கள்.

வீட்டுக்கு மார்ட்டல் காம்பாட் வந்த வழியும் கோணல்தான். சேகாவின் மெகா டிரைவை 1995இல் இந்தியாவில் விற்க வந்தது சாராய வியாபாரத்துக்குப் பேர்போன ஷா வாலஸ். விலை சுமார் 18,000 ரூபாய். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சிஎம்டிஏ கட்டிய சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் கம்பி ஏற்றி இறக்குகிறவர் வீட்டில் அந்தத் தொகையை நினைத்துப் பார்க்க முடியுமா? நமக்குக் கிடைத்தது நின்டெண்டோ எட்டு-பிட் கருவியின் சீன, தைவான் நகலான 'டிவி கேம்' பெட்டி. அதில் செருகும் மஞ்சள் 'கேசட்'டில் மார்ட்டல் காம்பாட்டும் இருந்தது, நின்டெண்டோவின் அந்த எட்டு-பிட் கருவிக்கு அதிகாரபூர்வப் பதிப்பு ஒன்று வந்ததே இல்லை என்றாலும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜார் வாசலில் இதையெல்லாம் யார் விசாரித்தார்கள்?

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை. 1993 செப்டம்பர் 13, வீட்டுப் பதிப்பு வெளியான நாள். நின்டெண்டோ ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது, சப்-ஜீரோ எதிராளியை உறையவைத்து உடைப்பதோடு நிறுத்திக்கொண்டார். சேகா தந்திரம் செய்தது. பெட்டியைத் திறந்ததும் ரத்தம் இல்லை, ஆனால் ஏ-பி-ஏ-சி-ஏ-பி-பி என்று தட்டினால் கொட்டும். எது அதிகம் விற்றது என்று சொல்லத் தேவையில்லை. மறுவருடம் இரண்டாம் பாகத்தில் நின்டெண்டோவும் ரத்தத்தை அனுமதித்தது. இடையில், டிசம்பரில், செனட்டர்கள் ஜோ லீபர்மன், ஹெர்ப் கோல் தலைமையில் விசாரணை. அதன் விளைவாக 1994இல் தொழில்துறையே அமைத்த வயதுத் தரப்பிரிப்பு வாரியம். 2011இல், வன்முறை விளையாட்டைச் சிறுவருக்கு விற்பதற்கான கலிபோர்னியாவின் தடைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, நீதிபதி ஸ்கலியா இந்த விளையாட்டின் பெயரையே எடுத்தார். தாந்தேயைப் படிப்பது இதைவிட மேலான காரியம்தான், ஆனால் அது ரசனை வேறுபாடு, சட்ட வேறுபாடு அல்ல என்பது அவர் வாதம். சரியான வாதம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இவ்வளவு பெரிய சபைகள் இத்தனை வருடம் பேசியும், காசுப் பெட்டியின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அந்தப் பெட்டி இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. 2009இல் மிட்வே திவாலாகி, வார்னர் பிரதர்ஸ் கைக்குப் போனது மார்ட்டல் காம்பாட். 2015இல் வந்த பத்தாம் பாகத்தில், கொலைக் காட்சியைச் சுலபப் பொத்தானில் ஆட டோக்கன் விற்றார்கள். ஐந்துக்கு ஏறத்தாழ ஒரு டாலர். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் இது. 2023இன் 'மார்ட்டல் காம்பாட் 1'இல் ஹாலோவீனுக்கென்று ஒரு கொலைக் காட்சியை ஏறத்தாழ 10 டாலர் அளவில் தனியாக விற்றார்கள். பார்லர்காரராவது ஒரு காசுக்கு ஒரு ஆட்டம் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் தமிழ்நாடு அமெரிக்காவைவிடச் சரியான திசையில் பார்த்தது. 2022இல் நீதிபதி கே. சந்துரு குழு அமைக்கப்பட்டது, ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பி, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி, போக்கரைத் திறமை விளையாட்டு என்று அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விலக்கியது. 2025இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை இடைவேளை விதித்தன. ரத்தமா, சீட்டா என்று சட்டம் கேட்கவில்லை, பணம் எங்கே போகிறது என்று கேட்டது.

ஆனால் அது பந்தயப் பணத்தோடு நின்றுவிடுகிறது. கன்சோல் கடையில் டோக்கனும் வேடமும் விற்பதை அது தொடுவதில்லை. சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது, கன்சோல் விளையாட்டுக்கு அரசு வாரியம் இல்லை. உறையில் இருப்பதெல்லாம் வெளிநாட்டு வயது முத்திரைதான். எனவே வீட்டில் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பிள்ளை ஆடும்போது திரையில் ரத்தம் தெறிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கு முன், அமைப்புகளுக்குள் போய் உங்கள் வங்கி அட்டை எண் அதில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கிவிடுங்கள், அல்லது வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள்.