பிரேத அறையில் ஒரு தீர்ப்பு

மலிவுப் படங்களை ஆராய்வது வீண்வேலை எனக் கருதுவோர் நம்மிடையே உளர். நாம் அக்கருத்தினர் அல்லர். பெருஞ்செலவிலே தயாராகும் படம் தன் உள்ளக்கிடக்கையை மறைக்கக் கற்றிருக்கும். அவசரத்திலே எடுத்து முடிக்கப்பட்ட படமோ மனத்திற் கிடந்ததை அப்படியே கொட்டிவிடும். யூனிவேர்சல் நிறுவனம் 1944 இல் வெளியிட்ட 'ஜங்கிள் வுமன்' அத்தகையது.

1943 இல் வந்த 'கப்டிவ் வைல்ட் வுமன்' என்னும் படத்தின் தொடர்ச்சி இது. முதற்படத்திலே டொக்டர் வோல்ற்றர்ஸ் என்பவன், ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட சீலா என்னும் மனிதக் குரங்குக்கு நோயாளிப் பெண்ணொருத்தியின் சுரப்பிச் சாரத்தையும், தான் கொன்ற தாதியின் மூளையையும் ஏற்றி, போலா என்னும் அழகியை ஆக்குகிறான். இரண்டாம் படம் ஒரு மணி நேரமளவே ஓடுகிறது. அதிலும் கணிசமான பகுதி முதற்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. முதற்படத்து மிருகக் காட்சிகளோ, 1933 இல் 'த பிக் கேஜ்' என்ற படத்திற்காகக் கிளைட் பீற்றி என்னும் சர்க்கஸ் வீரரைக் கொண்டு எடுக்கப்பட்டவை. பழைய புலிகள் மீண்டும் மீண்டும் உழைத்திருக்கின்றன, கூலி ஒருமுறைதான்!

ஆயினும் இச்சிக்கனம் அன்று நம்மை உறுத்தியது. கதை அமைந்த முறையே. மரண விசாரணை ஒன்றுடன் படம் தொடங்குகிறது. போலாவைக் கொன்றதாக டொக்டர் பிளெச்சர் மீது ஐயம். சுடப்பட்டு விழுந்த குரங்குக்கு உயிர்ப்பூட்டியவர் அவர். அது மீண்டும் பெண்ணாகி, அவர் மகளின் காதலன்மீது ஆசை கொள்கிறது. பொறாமையில் வெறி கொள்கிறது. இறுதியில் அவர் கையிலிருந்த ஊசிமருந்தால் மடிகிறது. முதற்படத்தில் ஊமையாயிருந்த போலா இங்கு பேசுகிறாள், காதலிக்கிறாள், ஏங்குகிறாள். அவள் மனுஷி என்பதைப் படமே நமக்கு நிறுவிக் காட்டுகிறது. பின்னர் ஜூரிமார் பிரேத அறைக்குச் செல்கின்றனர். அங்கே கிடப்பது மிருகத்தின் உடல். டொக்டர் குற்றமற்றவராகிறார்.

யாரைக் கொன்றான் என்ற கேள்விக்கு இறந்தவரின் தோலையும் மயிரையும் பார்த்து விடை கூறும் இந்நீதியைப் படம் சற்றும் கூச்சமின்றிச் சுப முடிவாகவே வழங்குகின்றது. முதற்படத்திலே போலா மிருகமாகும் காட்சியை நினைவிற் கொண்டால் இதன் பொருள் துலங்கும். அவள் முகம் முதலில் கறுக்கிறது; கறுத்த பெண்ணாகிய பின்னரே குரங்காகிறாள். மனிதனுக்கும் விலங்குக்கும் இடைப்படி எதுவென ஒப்பனைக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை போலும்! கறுப்பருக்கு ஜூரி ஆசனங்களிலும் இடம் மறுக்கப்பட்ட மாநிலங்கள் பல இருந்த நாட்டின் படம் இது.

இன்னொன்றையும் கூறவேண்டும்; நம் தோழர் சிலருக்கு இது உவப்பாயிராது. அம்முதற்படத்தை இயக்கியவர் எட்வர்ட் டிமிற்றிக். 1947 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின்முன் தம் அரசியற் சார்பை வெளியிட மறுத்துச் சிறை சென்ற ஹொலிவூட் பதின்மருள் ஒருவர். 1951 இல் தோழர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. இடதுசாரி ஒருவரின் கையிலும் அக்காட்சி எவ்விதத் தடையுமின்றி உருவாயிற்று. கலைஞனின் கட்சியைக் கேட்டறிந்து கலையை அளப்போர் இதனைச் சிந்திப்பாராக.

1945 இல் 'த ஜங்கிள் கப்டிவ்' என மூன்றாம் படமும் வந்தது. நடிகை மாறிவிட்டார். பிரேத அறையிலிருந்து போலாவின் உடலைக் களவாடி, இன்னொரு விஞ்ஞானி மேசையிற் கிடத்துகிறான்.