வலிப்பின் வினாடிகளும் மயக்க மருந்தும்

கடும் மனச்சோர்வில் சோறு தண்ணீர் மறுத்துக் கிடப்பவரை நெய்வேலியிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரத்துக்கோ அழைத்துப்போகும் குடும்பத்திடம் மருத்துவர் இ.சி.டி. (மின்வலிப்புச் சிகிச்சை) என்று சொன்னதும் வருகிற முதல் கேள்வி, “கரண்ட் வைத்தால் மூளை கெட்டுவிடாதா?” என்பதுதான். “என்ன மயக்க மருந்து கொடுப்பீர்கள்?” என்று கேட்பவர் அரிது. மின்சாரம் பாய்வது சில வினாடிகள். வலிப்பு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை நீடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் மூச்சையும் இதயத்தையும் காப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு. ஒரு லட்சம் முறை கொடுத்தால் ஏறத்தாழ இரண்டு மரணம் என்று பன்னாட்டுத் தரவுகள் சொல்கின்றன. இது சிறு அறுவைக்குக் கொடுக்கும் மயக்கத்தின் ஆபத்தை ஒத்த அளவு. ஆகவே கேட்கப்படாத அந்தக் கேள்வியே எடைபோடத் தக்கது.

1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் இச்சிகிச்சையைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலின் வந்து எலும்பைக் காத்தது. ஆனால் உணர்வோடு இருப்பவரின் தசைகளைச் செயலிழக்கச் செய்வது கொடுமை. எனவே மயக்கமும் கட்டாயமாயிற்று. ஆனாலும் இந்தியாவில், மயக்கமின்றிக் கொடுக்கும் ‘டைரக்ட் இ.சி.டி.’ நெடுங்காலம் நீடித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியபின் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சார்த்தக் அமைப்பின் மனு, டைரக்ட் இ.சி.டி.யையும் எதிர்த்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95-இல், மயக்கமும் தசைத் தளர்த்தியும் இல்லாத இ.சி.டி.யைத் தடைசெய்தது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தத் தடைக்கு மறுப்பும் இருந்தது. மயக்கவியல் மருத்துவர் கிடைக்காத ஊரில், உயிர் போகும் நிலையில், விதிவிலக்காக நேரடி முறையை அனுமதிக்கலாம் என்று பெங்களூரு நிம்ஹான்ஸின் சித்தரஞ்சன் ஆண்ட்ராதே உள்ளிட்டோர் 2012-இல் எழுதினார்கள். அக்கறையோடு வைக்கப்பட்ட வாதம் அது. ஆனாலும் சட்டமே சரி என்பேன். ஆள் பற்றாக்குறைக்கான விலையை நோயாளியின் முதுகெலும்பு கொடுத்துவந்தது; சட்டம் அதை மருத்துவமனையின் தலையில் ஏற்றியது.

இனி மருந்துகள். சிக்கல் இதுதான்: வலிப்புதான் இங்கே மருந்து, தூங்கவைக்கும் ஊசிகளில் பெரும்பாலானவை வலிப்பை அடக்குபவை. அமெரிக்காவில் நீண்டகாலம் அளவுகோலாக இருந்த மெத்தோஹெக்சிட்டால் நம் மருத்துவமனைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நம்மிடம் உள்ளவை தயோபென்டோன், புரோபோஃபால், எட்டோமிடேட், கெட்டமின். புரோபோஃபாலில் நோயாளி விரைவில் தெளிகிறார், வலிப்பின்போது ரத்த அழுத்தம் எகிறுவதும் குறைவு. ஆனால் வலிப்பின் நேரம் சுருங்குகிறது. தயோபென்டோனில் வலிப்பு சற்று நீளும், தெளிவதும் தாமதமாகும். எட்டோமிடேட் வலிப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் அட்ரீனல் சுரப்பியைச் சில மணி நேரம் அடக்கும். ஊசி போகும்போது வலி, கைகால் துடிப்பு வேறு.

புரோபோஃபாலுக்கு எதிரான வழக்கமான தீர்ப்பு, வலிப்பு சுருங்குவதால் பலனும் சுருங்கும் என்பது. இதை நான் ஏற்கவில்லை. 2014-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு 18 ஆய்வுகளை, சுமார் 600 நோயாளிகளை, அலசியது. மெத்தோஹெக்சிட்டாலோடு ஒப்பிட்டபோது புரோபோஃபாலில் வினாடிகள் குறைந்தன. மனச்சோர்வு மதிப்பெண் குறைந்ததில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இதை வைத்துப் புரோபோஃபாலுக்கு வெற்றி என்று கொண்டாடவும் முடியாது. அந்த ஆய்வுகள் மனச்சோர்வில் வரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல, தரமும் தாழ்வு. இந்தத் துறை ஆய்வுகளின் அடிப்படைக் குறையே இங்குதான் இருக்கிறது. எளிதில் அளக்க முடிகிறது என்பதற்காக வினாடிகளை எண்ணினார்கள். வலிப்பு நீண்டால் போதும் என்ற நம்பிக்கையை ஹெரால்ட் சாக்கீம் குழு 1993-இலேயே உடைத்துவிட்டது. தலையின் ஒருபக்கத்தில் குறைந்த மின்னளவு கொடுத்தபோதும் நேரத்தில் குறையாத வலிப்பு வந்தது, நோய் மட்டும் அசையவில்லை. ஒருவரின் வலிப்பு வாசலை, அதாவது வலிப்பு வரத் தேவையான குறைந்தபட்ச மின்னளவை, எவ்வளவு தாண்டி மின்சாரம் போகிறது என்பதே பலனைப் பெரிதும் தீர்மானித்தது. அப்படியென்றால் மயக்க மருந்தின் உண்மையான குற்றம் வினாடிகளைத் தின்பது அல்ல, வாசலை உயர்த்துவதுதான். உயர்ந்தால் அதிக மின்சாரம் வேண்டும். அதிக மின்சாரத்தின் விலை நினைவாற்றல்.

கெட்டமின் பற்றிய உற்சாகத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். அதற்கென்றே மனச்சோர்வைத் தணிக்கும் குணம் உண்டு என்பதால் ஒரே ஊசியில் இரட்டைப் பலன் என்று எதிர்பார்த்தார்கள். 2010-இல் ஜப்பானில் வந்த ஒரு சிறிய ஆய்வும் நம்பிக்கை தந்தது. 2017-இல் ஸ்காட்லாந்தில் புரோபோஃபாலோடு சீட்டுக்குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது கூடுதல் பலன் இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் மயக்கத்தோடு சிறிதளவு கெட்டமின் சேர்த்துப் பார்த்ததிலும் நினைவாற்றல் காக்கப்படவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றும், விழிக்கும்போது சிலரைக் குழப்பும் மருந்தை, வராத பலனுக்காக வழக்கமாக்க வேண்டியதில்லை.

பொதுவில் பேசினால் எல்லாம் சமம் போலத் தோன்றும். ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்று இந்திரா நகரில் வீடு கட்டிக் குடியேறிய, அறுபது வயது தாண்டிய, பி.பி. மாத்திரை விழுங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண், வயது முதிர்ந்தவர். இரண்டுமே வலிப்பு வாசலை உயர்த்துபவை. இதற்குப் புரோபோஃபால் ஆகாது. ரத்த அழுத்தமும் இருக்கிறது, அதற்குப் புரோபோஃபால்தான் நல்லது. இந்த முரணில் என் வாக்கு தயோபென்டோனுக்கு. அழுத்தத்தைத் தணிக்க லேபடலால் போன்ற தனி மருந்து உண்டு. உயர்ந்துவிட்ட வாசலுக்கு ஈடுகட்ட மின்சாரத்தைத் தவிர எளிய வழி குறைவு. தெளிவதில் சில நிமிடத் தாமதம் அவருக்கு இழப்பல்ல. பலமுறை கொடுத்தபின் வலிப்பு சரியாக வராவிட்டால் எட்டோமிடேட்டுக்கு மாறலாம். மாறாக, முப்பது வயதுப் பெண்ணுக்கு வாசல் தாழ்வாக இருக்கும். அங்கே புரோபோஃபாலை, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில், தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

எதுவானாலும் ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை போகும் சிகிச்சையில் காரணமின்றி மருந்தை மாற்றக்கூடாது. மாற்றினால் முதல் நாள் கண்டறிந்த வாசல் கணக்கு பயனற்றுப்போகும். ஊசிக்கும் மின்சாரத்துக்கும் இடையிலுள்ள நேரத்தையும், அதற்குள் பையை அழுத்தி வேகமாக ஆக்சிஜன் கொடுப்பதையும், பல இடங்களில் யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. மருந்தின் பெயரளவுக்கு இந்த இரண்டும் முக்கியம்.

மயக்க மருந்தைப் பற்றிய வாதத்தில் நம் மண்ணுக்குரிய பெரிய ஆபத்து ஒன்று மறைந்துகிடக்கிறது. அது தூங்கவைக்கும் ஊசியில் இல்லை, ஸ்கோலின் என்று நாம் அழைக்கும் சக்சினில்கோலினில். அதை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதி குறைந்தவருக்குச் சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் வராது. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் வாழும் ஆரிய வைசியர்களிடம் இந்தப் பரம்பரைக் குறை அதிகம் காணப்படுகிறது. அதைவிடப் பரவலானது பூச்சிமருந்து. கடலூர் மாவட்டம் போன்ற விவசாயப் பகுதியில் கடும் மனச்சோர்வோடு வருபவர்களில் சிலர், சில வாரங்களுக்கு முன் ஆர்கனோபாஸ்பேட் குடித்துப் பிழைத்தவர்கள். அந்த நஞ்சு முடக்குவதும் இதே நொதியைத்தான். அது பழைய அளவுக்குத் திரும்ப வாரங்கள் பிடிக்கும். தயோபென்டோனா புரோபோஃபாலா என்று தீர்மானிக்கும் முன், குடித்தது என்ன, எப்போது என்று கேட்டு, நொதியின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் தள்ளிப்போடலாம். உயிருக்காகத் தள்ளிப்போட முடியாதபோது ரோகுரோனியத்துக்கு மாறி, அதை முறிக்கும் சுகமடெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கலாம். நெய்வேலியிலிருந்து எழுதப்படும் பரிந்துரைக் கடிதத்தில் பி.பி., சர்க்கரை வரிகளுக்கு மேலே, குடித்த பூச்சிமருந்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும்.