தூது இல்லாத மறுமை

கூடலூர் மையவாடியில், சென்ற மழைக்காலத்தில் ஒரு மூதாட்டியை நல்லடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், அவருடைய பேரர் நம்மை நிறுத்தி ஒரு வினாவை எழுப்பினார். கல்லூரிப் படிப்பை முடித்து வெளியூரில் பணியாற்றும் இளைஞர் அவர். தொழுகையில் பற்றுடையவர் அல்லர். ஆயினும் இறைமறுப்பாளரும் அல்லர். “அல்லாஹ் இருக்கான் மாமு, அதுல எனக்குச் சந்தேகமில்ல. இந்த மலையையும் தண்ணியையும் பார்த்தாலே தெரியுது. ஆனா அவன் மனுசங்ககிட்ட பேசினான்னு ஏத்துக்க முடியல. நன்னி நல்லவங்க; அவங்களுக்கு நல்லதுதான் கிடைக்கும். அதுக்குக் கிதாபு எதுக்கு?” என்றார்.

ஈரமண் கையில் ஒட்டியிருக்கும் வேளையில் இத்தகைய வினாவுக்கு விடை கூறப் புகுவது முறையன்று. வினா புதியதன்று, அதைக் கேட்டவர்கள் பெரிய மனிதர்கள் என்று மட்டும் கூறிவிட்டு வந்தோம். வீடு திரும்பியபின் இரு நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம். அவை பற்றிய நமது கருத்தையே இங்கு எழுதுகின்றோம்.

வஹீயையும் இறைதூதரையும் ஏற்காது, பகுத்தறிவினால் மட்டுமே படைத்தவனை அறிந்து, அறத்தோடு வாழ்ந்தாற் போதும் எனும் கொள்கையை மேனாட்டார் டீயிஸம் என்பர். 1624ஆம் ஆண்டு ஆங்கிலப் பிரபு எட்வர்டு ஹெர்பர்ட் எழுதிய நூலில் அதன் ஐந்து அடிப்படைகள் வகுக்கப்பெற்றன: இறைவன் உளன், அவன் வணங்கற்குரியவன், நல்லொழுக்கமே வணக்கத்தின் தலையாய பகுதி, பாவத்திற்கு மனம் வருந்துதல் வேண்டும், இம்மையிலும் மறுமையிலும் நற்பயனும் தண்டனையும் உண்டு. ஐந்தாவதைக் கூர்ந்து நோக்குக. டீயிஸ்டுகள் மறுமையை மறுத்தவர்கள் என்று நம்மவர் சிலர் மேடைகளில் கூறுவது பிழை. அவர்களிற் சிலர் மறுத்தனர், சிலர் ஐயுற்றனர். ஆனால் முன்னணியில் நின்ற பலர் அதனை விரும்பிப் பற்றிக்கொண்டவர்கள். தாமஸ் பெய்ன் தம் ‘பகுத்தறிவின் காலம்’ எனும் நூலை, ஓரிறையை நம்புவதாகவும் இவ்வாழ்வுக்கு அப்பால் இன்பத்தை எதிர்நோக்குவதாகவும் கூறித்தான் தொடங்குகின்றார். பெஞ்சமின் பிராங்ளின், 1790 மார்ச்சில், தாம் இறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன் எழுதிய கடிதத்தில், ஆன்மா அழிவதில்லை, அது மறுவாழ்வில் நீதியோடு நடத்தப்பெறும் என்ற கருத்தைத் தெரிவித்தார். ஈஸா நபியவர்களின் தெய்வத்தன்மை பற்றிய சிக்கலைத் தாம் ஆராயப் போவதில்லை, விரைவில் சிரமமின்றியே உண்மை தெரிந்துவிடும் என்றும் அக்கிழவர் நகைச்சுவையோடு எழுதினார். அவ்வரியை எண்ணுந்தோறும் நமக்கு முறுவல் வருகின்றது. பிறகு சற்றே நெஞ்சு கனக்கின்றது.

இனி நூல்களுக்கு வருவோம். முதலாவது, நம் முன்னோர் தந்தது. அந்தலூஸியாவின் மருத்துவரும் தத்துவ அறிஞருமான இப்னு துஃபைல் (இறப்பு 1185) இயற்றிய ‘ஹய்யு இப்னு யக்ளான்’. மனித வாடையே இல்லாத தீவொன்றில் ஒரு பெண்மானின் பாலுண்டு வளர்கிறது ஒரு குழந்தை. கற்பிப்பார் எவருமின்றி, கண்ணும் அறிவுமே ஆசான்களாக, அவன் இறைவனை அறிகின்றான். இந்நூலை எட்வர்டு போகாக் எனும் இளைஞர் 1671இல் இலத்தீனில் வெளியிட்டார். 1708இல் சைமன் ஆக்லி அரபு மூலத்திலிருந்தே ஆங்கிலமாக்கினார். பாதிரியான ஆக்லிக்கு நூலின்மீது விருப்பம். அதன் கருத்தின்மீது அச்சம். அதனால், போதனையின்றியே ஒருவன் இறையறிவை எய்தலாம் என்பதை மறுத்துத் தாமே ஒரு பின்னிணைப்பையும் சேர்த்து அச்சிட்டார்!

ஆக்லியும் அவரைப் போன்றோரும் அஞ்சிய நூலை நாம் அஞ்சாமற் படிக்கலாம். அதன் உயிர்நாடி எங்கே இருக்கிறது? விண்மீன்களைக் கண்டு வியக்கும் பகுதியில் அன்று. வளர்த்த தாயாகிய மான் இறந்து கிடக்கும் பகுதியில் இருக்கிறது. அழைத்துப் பார்க்கின்றான், அது அசையவில்லை. எங்கே குறை என்று கண்ணையும் செவியையும் ஆராய்கின்றான், குறை காணோம். இறுதியில் மார்பைப் பிளந்து இதயத்தைக் காண்கின்றான். அதன் ஓர் அறை வெறுமையாகக் கிடக்கின்றது. இங்கிருந்த ஒன்று புறப்பட்டுப் போய்விட்டது. என் தாய் அதுதான், இவ்வுடலன்று என்று உணர்கின்றான். உடல் நாற்றமெடுக்கத் தொடங்கியதும், ஒரு காக்கை மற்றொன்றை மண்ணில் புதைப்பதைக் கண்டு தானும் அவ்வாறே புதைக்கின்றான். ஆதம் நபியின் மக்களது வரலாற்றை அறிந்தோர்க்கு இக்காக்கை எங்கிருந்து பறந்து வந்தது என்பது தெரியும். வஹீ இல்லாத தீவிலும் நூலாசிரியர் மறையின் சிறகொன்றை விழவிட்டிருக்கின்றார்.

அவனுடைய தேட்டம் முழுவதும் அந்தப் பிரிவிலிருந்து முளைத்தது. போனது எங்கே போயிற்று? ஏன் வந்தது? இவ்விரு வினாக்களும் ஒன்றே என்பதை இப்னு துஃபைல் வாதம் எதுவுமின்றி ஒரு காட்சியால் உணர்த்திவிடுகின்றார். கதையின் முடிவும் கருதற்குரியது. பக்கத்துத் தீவில் இறைதூதர் ஒருவரின் மார்க்கம் வழங்குகிறது. அங்கிருந்து வந்த அப்ஸால், தன் மார்க்கத்தை எடுத்துரைக்கும்போது, ஹய்யு அதனைத் தான் கண்டறிந்த உண்மையின் உறுதிமொழியாகவே ஏற்கின்றான். பின்னர் அத்தீவு மக்களுக்குத் தன் அறிவுநெறியைக் கற்பிக்கச் சென்று தோல்வியுறுகின்றான். உங்கள் மார்க்கத்தையே பற்றி நில்லுங்கள் என்று கூறித் திரும்புகின்றான். அம்முடிவில் பொதுமக்களைச் சற்றே தாழ்த்தும் குரல் ஒலிக்கிறது என்பது நம் குறை. எனினும், இந்நூலைத் தம் கொள்கைக்குச் சான்றாகக் கொள்வோர் கடைசிப் பக்கங்களுக்கு முன்பே மூடிவிடுகின்றனர் எனலாம்.

இரண்டாம் நூல் நம் நாட்டது. ராஜாராம் மோகன் ராயரின் ‘துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன்’, அதாவது ஓரிறைக் கொள்கையினருக்கு ஓர் அன்பளிப்பு. பிரம்ம சமாஜத்தின் தந்தை, உடன்கட்டைக் கொடுமையை எதிர்த்த சீர்திருத்தச் செம்மல் என்றே அவரைப் பள்ளிப் பாடங்கள் அறிமுகம் செய்கின்றன. அவருடைய முதல் நூல், அரபு முன்னுரையுடன் பார்ஸி மொழியில், 1803–1804ஐ ஒட்டி முர்ஷிதாபாதில் வெளிவந்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியார். 1884இல் அதனை ஆங்கிலத்தில் தந்தவர் டாக்கா மதரஸாவின் தலைவராயிருந்த மௌலவி உபைதுல்லாஹ். வஹீயை மறுக்கும் ஒரு நூலை, ஓர் ஆலிம், பழிச்சொல் இன்றி மொழிபெயர்த்துத் தந்தார்! அந்நெஞ்சத் துணிவு இன்று நம்மிடையே அருகிவிட்டது.

மலைநாட்டிலும் சமவெளியிலும் திரிந்து பார்த்தேன், படைத்தவன் ஒருவன் என்பதில் எல்லாரும் ஒத்திருக்கின்றனர், அவன் தன்மைகளிலும் சடங்குகளிலும்தான் வேறுபடுகின்றனர் என்ற கருத்தோடு முன்னுரை தொடங்குகிறது. ஒத்திருப்பது இயற்கை, வேறுபடுவது பழக்கம் என்பது அவர் கொள்கை. மனிதரை நான்கு வகையாகப் பிரிக்கின்றார்: ஏமாற்றுவோர், ஏமாறுவோர், ஏமாந்து ஏமாற்றுவோர், இறையருளால் இரண்டுமற்றோர். இப்பகுப்பு நம்மையும் சுடத்தான் செய்கின்றது. தாயத்துக்கும் தகடுக்கும் விலை பேசுவோரை அறிந்த எவரும் அதை மறுக்க மாட்டார். ‘தவாத்துர்’ எனும் தொடரறிவிப்புப் பற்றிய அவர் வாதமோ அத்துணை வலிமையுடையதன்று. ஒன்றற்கொன்று முரணான மரபுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட்டு, எதுவும் தேறாது என்கின்றார். அறிவிப்பாளரை ஒவ்வொருவராகப் பெயர் கூறி எடைபோட்ட ஹதீஸ் கலை அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் அதற்குரிய இடத்தை அவர் தரவில்லை.

ஆனால் நம் கவனத்தை ஈர்ப்பது வேறோர் இடம். ஆன்மா உண்டென்பதும் மறுமை உண்டென்பதும் எல்லாச் சமயங்களுக்கும் அடித்தளம் என்கின்றார். அவற்றின் உண்மை மறைவானது என்கின்றார். ஆயினும், மறுமைத் தண்டனைக்கும் ஆட்சியாளர் தண்டனைக்கும் அஞ்சி மக்கள் குற்றங்களினின்று விலகி நிற்பதால், அந்நம்பிக்கை பொறுத்துக்கொள்ளத் தக்கது என்கின்றார். அறிவின் துலாக்கோலில் எல்லாவற்றையும் நிறுத்தவர், இவ்விடத்தில் மட்டும் கோலைக் கீழே வைத்துவிட்டார்! உண்மையா என்று கேட்டு வந்தவர், பயனுடையதா என்று கேட்டு நிறைவுறுகின்றார். மறுமை அவருடைய நூலில் ஒரு காவற்சாவடியாகச் சுருங்கிவிடுகின்றது.

இதனைக் குற்றமாகச் சுட்டும்போதே நமக்கு நாணமும் உண்டாகின்றது. நம் இல்லங்களில் மறுமை எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? ஓதாவிட்டால் நரகம், பொய் சொன்னால் நெருப்பு என்று, பிள்ளையை அடக்கும் பிரம்பாகத்தானே பெரும்பாலும் பயன்படுகிறது? அந்தப் பிரம்புக்கு அஞ்சாத வயது வந்ததும், அப்பிள்ளை மறுமையையும் சேர்த்தே விட்டுவிடுகின்றான். ராயர் எழுதியதை நாம் எழுதாமலே நடத்திக்கொண்டிருக்கின்றோம்.

டீயிஸ்டுகள் இறைவனைக் கடிகாரம் செய்தவனுக்கு ஒப்பிடுவர். செய்து முடுக்கிவிட்டான், இனி அது தானே ஓடும் என்பர். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குக் கடிகாரம் வேண்டா, அணை இருக்கிறது. கர்னல் பென்னி குயிக் முல்லைப் பெரியாற்றில் கட்டிய அணை 1895இல் திறக்கப்பெற்றது. அவர் தாயகம் திரும்பி 1911இல் மறைந்தார். அவருடைய படம் இன்றும் இப்பகுதி வீடுகளில் தொங்குகிறது; தை மாதம் அவர் பிறந்தநாளில் பொங்கலிடுகின்றனர். கட்டியவர் போய்விட்டார், தண்ணீர் வருகிறதே என்று அவ்விளைஞர் கேட்கக்கூடும். தண்ணீர் தானாக வரவில்லை. தேக்கடியில் மதகு திறக்க ஆள் வேண்டும். 1979க்குப் பின்னர் அணையை வலுப்படுத்தும் பணிகள் நடந்தன. மனிதன் செய்தது ஆதலால் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது, இறைவன் செய்ததற்குப் பழுதில்லை என்று டீயிஸ்டு மறுமொழி கூறுவார். அம்மறுமொழி சரியே. உவமையை நாம் இதற்குமேல் இழுக்கவில்லை.

ஆயினும் வேறொன்று கேட்போம். கடிகாரமோ அணையோ தன்னைச் செய்தவனிடம் எதையும் கேட்பதில்லை. மனிதன் கேட்கின்றான், மான் இறந்த அன்று ஹய்யு கேட்டதைப் போல் கேட்கின்றான். கேட்கும் உயிரைப் படைத்துவிட்டு, விடையே கூறாதிருப்பது அறிவும் கருணையும் உடையவனுக்குத் தகுமா? மனச்சான்றே விடை என்பர். மனச்சான்று ஒன்றைக் கூறுகின்றது: அநீதிக்குள்ளானவனுக்கு எங்கேனும் நீதி கிடைக்க வேண்டும் என்கின்றது. ‘வேண்டும்’ என்பதுவரைதான் அதன் குரல் எட்டும். ‘உண்டு’ என்று கூற, கொடுப்பவனே வாய்திறந்தாக வேண்டும். வீணாகப் படைக்கப்படவில்லை, நம்மிடமே மீள்வீர்கள் எனும் பொருள்பட மறை அறிவிப்பதை, ஓர் எச்சரிக்கை என்பதைவிட ஒரு வாக்குறுதியாகவே நாம் கேட்கின்றோம்.

ராயரின் பிற்கால வாழ்வும் இங்கு நோக்கத்தக்கது. மறைகளைப் புறந்தள்ளிய அவரே, பின்னர் உபநிடதங்களை மொழிபெயர்த்தார்; 1820இல் ஈஸா நபியின் அறவுரைகளைத் தொகுத்தார். 1830இல், முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் ‘ராஜா’ பட்டமளித்து அனுப்ப, இங்கிலாந்து சென்றார். 1833 செப்டம்பர் 27இல் பிரிஸ்டல் நகருக்கருகே மறைந்தார். அங்கு ஒரு தோட்டத்தில் மரநிழலில், எந்தச் சடங்கும் எவ்வுரையும் இன்றி, மௌனமாக அவரை அடக்கம் செய்தனர். 1843இல் நண்பர் துவாரகநாத் தாகூர் அவ்வுடலை வேறோர் இடுகாட்டுக்கு மாற்றினார். தாமஸ் பெய்னுக்கோ அந்த அமைதியும் வாய்க்கவில்லை. 1809இல் அவரை அடக்கம் செய்ய வந்தோர் ஒருசிலரே. 1819இல் வில்லியம் காபெட் என்பவர் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அவை பின்னர் எங்கோ தொலைந்துபோயின. அம்மனிதர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. பெய்ன் அடிமைமுறையை எதிர்த்தவர். ராயர் விதவையரைத் தீயினின்று மீட்கப் போராடியவர். அவர்களுக்கு மறுமையில் என்ன கிடைக்கும் என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. புதைகுழியின் விளிம்பில் நிற்பவர்கள் சொல்வதற்கு அவர்கள் கொள்கை ஒரு சொல்லையும் விட்டுச்செல்லவில்லை என்பதே நம் கருத்து.

மூன்றாம் நாள் அவ்விளைஞர் நம் இல்லம் வந்தார். இவ்வாதங்களில் பாதியைக் கூறினோம். சிலவற்றை ஏற்றார், பலவற்றை ஏற்கவில்லை. மையவாடியில் நன்னிக்காக மூன்று பிடி மண் போட்டபோது, மற்றவர்கள் ஓதியதைத் தாமும் முணுமுணுத்ததாகவும், ஏன் என்று தெரியவில்லை என்றும் கூறினார். ஆக்லியின் ‘ஹய்யு’ மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்தோம். மான் இறக்கும் இடம்வரை படித்துவிட்டதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் தெரிவித்தார். நூலை இன்னும் திருப்பித் தரவில்லை.