கடைக்காரர் காசும் கற்றோர் நோக்கும்

நாணயத்துக்கு மதிப்பளிப்பது அரச முத்திரையே என்பது பலர் கொள்கை. இதனை ஆராய்தற்கு, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடைக்காரரும் கைவினைஞரும் செம்பிலும் பித்தளையிலும் அடித்து வெளியிட்ட அடையாளக் காசுகள் தக்கதோர் உரைகல்லாகும்.

யோன் ஈவ்லின் 1697இல் வெளியிட்ட ‘நியூமிஸ்மற்றா’ என்னும் நூலில் இவற்றை எள்ளி நகையாடுகின்றார். அரசியற் குழப்பக் காலத்திலே மதுச்சாலையினர் துணிந்து செய்த செயல் இது என்பதும், இரண்டொரு தெருவைத் தாண்டிச் செல்லாத இக்காசுகள் பிற்கால அறிஞரை மயக்கி, ஊகங்களால் நூல்களை நிரப்பச் செய்யும் என்பதும் அவர் கருத்து. இக்கருத்து எத்துணைப் பொருந்தும்?

முதலாவது, காரணத்தை நோக்குவாம். 1613இல் முதலாம் யேம்ஸ் மன்னர், பாதிங் எனப்படும் காற்பென்னிச் செப்புக் காசடிக்கும் உரிமையை ஹரிங்ரன் பிரபுவுக்கு வழங்கினார். காசிலே மன்னர் பெயர், ஆதாயமோ தனியாருக்கு. அவ்வழி வந்த காசு 1644இல் நின்றபின் சில்லறை அருகியது. 1648 அளவில் கடைக்காரர் காசு தோன்றியது. 1660இல் முடியாட்சி மீண்டது. ஆயினும் அக்காசு மறையவில்லை. 1672இல் இரண்டாம் சாள்ஸ் மன்னர் அரச செப்புக் காசை வெளியிட்டுத் தனியார் காசைத் தடுத்தபோதே அது ஒழிந்தது. எனவே, அதனைத் தோற்றுவித்தது அரசனின்மையன்று, சில்லறையின்மையே என்க.

இரண்டாவது, குறுகிய வழக்கைக் குறையெனல் தகுமா? காசிலே வணிகன் பெயரும் ஊரும் கடைச்சின்னமும் உள. குடும்பப்பெயரின் முதலெழுத்து மேலேயும், கணவன் மனைவியர் பெயர்களின் முதலெழுத்துக்கள் கீழேயும் பொறிக்கப்படுதல் பெருவழக்கு. கொடுத்தவனை அறிந்த அயலவர் அவன் கடைக்கே மீண்டு சென்று மாற்றலாம். அண்மையே அதன் பிணை. ஆயின், கடை மூடப்படின் நட்டம் ஏழையின் கையில் எஞ்சும். இவ்வளவில் ஈவ்லினின் ஐயம் முற்றும் தவறன்று.

1858இல் வில்லியம் பொயின் இக்காசுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1889 முதல் 1891 வரை வில்லியம்சன் அதனை விரித்துப் பதிப்பித்தார். கோட்டந்தோறும் ஊர்தோறும் வகுத்த அம்முறை, உள்ளூர் நம்பிக்கையால் வாழ்ந்த காசுக்கு மிகப் பொருத்தமானது. ஈவ்லின் கூறியவாறு நூல்கள் எழுந்தன. ஆனால், அவற்றை நிரப்பியவை ஊகங்கள் அல்ல. தம் பெயரையும் ஊரையும் தாமே பொறித்துவைத்த எளியோர் அதற்கு இடம் வைக்கவில்லை.