கபடியை ரசிப்பது எப்படி?

கபடியில் பாய்ச்சலும் பிடியும் எல்லோர் கண்ணிலும் படும். தேர்ந்த ரசிகர் அதற்கு முன் தலைகளை எண்ணுவார். களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு நகர்வின் விலையும் மாறும். கல்முனைக்குத் தெற்கே உள்ள நிந்தவூர், இலங்கைத் தேசிய அணிக்கு வீரர்களைத் தந்த கபடி ஊர். அங்கே இந்தக் கணக்கு சிறுவர்களுக்கும் அத்துப்படி.

ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்டது. அணிக்கு 7 பேர். 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். பாடிப்போகிறவர் மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே 30 செக்கனுக்குள் எதிராளியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தொடப்பட்ட ஒவ்வொருவரும் வெளியேற, ஆளுக்கொரு புள்ளி கிடைக்கும். பிடிபட்டால் அவரே வெளியேறுவார், புள்ளி பிடித்தவர்களுக்கு. எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், சொந்த அணியில் வெளியே இருப்பவர் ஒருவர் வரிசைப்படி உள்ளே வருவார்.

பிடிக்கும் அணியில் 6 அல்லது 7 பேர் நின்றால் போனஸ் கோடு திறந்திருக்கிறது என்று பொருள். ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்ற, மறு கால் அந்தரத்தில் இருந்தால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. ஆட்கள் 5 ஆகிவிட்டால் அந்த வாய்ப்பு மூடிவிடும். 3 பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் அது ‘சூப்பர் டாக்கிள்’, 2 புள்ளிகள். ஆள் குறைந்த அணி பதுங்காமல் பாயத் துணிவது இதனால்தான். கடைசி ஆளும் வெளியேறினால் ‘ஆல் அவுட்’: எதிரணிக்கு மேலதிகமாக 2 புள்ளிகள், விழுந்த அணி ஏழு பேரோடு மீண்டும் எழும்.

அடுத்து எண்ண வேண்டியது வெறுங்கையோடு திரும்பிய முறைகளை. இந்தியாவின் புரோ கபடி லீக்கில் இரண்டு முறை தொடர்ந்து புள்ளி கிடைக்காவிட்டால், மூன்றாவது முறை போகிறவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும்; தவறினால் வெளியே. அதற்காகக் காத்திருந்து வலை விரிப்பது பிடிப்பவர்களின் தந்திரம். மூலையில் நிற்பவர் கணுக்காலுக்குக் குறிவைப்பார். நடுவில் நிற்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக வளைப்பார்கள். அந்தச் சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவும் ‘டுப்கி’யால் பேர்பெற்றவர் இந்திய வீரர் பர்தீப் நர்வால்.

இத்தகைய கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் புதிய ரசிகர் தங்குவார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கியின் சிறு வட்டு கண்ணுக்குத் தப்புகிறது என்று, 1996இல் ஃபாக்ஸ் நிறுவனம் அதற்குத் திரையில் ஒளிவட்டம் சேர்த்தது. பழைய ரசிகர்கள் முகம்சுளித்தார்கள். 1998க்குப் பின் அது நீடிக்கவில்லை. 2014இல் 8 அணிகளோடு தொடங்கிய புரோ கபடி லீக்குக்கு ஒளிவட்டம் தேவைப்படவில்லை. களத்தில் எஞ்சிய ஆட்களும் ஓடும் செக்கன்களும் திரையிலேயே தெரிந்தன. 2017இல் தமிழ் தலைவாஸ் உட்பட அணிகள் 12 ஆயின.

பாடிப்போகிறவரை மட்டும் பார்ப்பவருக்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா புரிந்திருக்காது. 1990 முதல் ஏழு தடவையும் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 எனத் தோற்றது. ஈரானின் பலம் பிடியில் இருந்தது.